துறைமுகம் பார்த்த அறை

பொத்தானை அழுத்தினால் தானாக விலகும் ஜன்னல் திரை அது. சுழியார் முதல் தடவை அழுத்தியபோது தெரிந்த காட்சி பிடிக்காமல் மூடிவிட்டார். இரண்டாம் தடவை திறந்தபோதும் அதுவே தெரிந்தது. மூன்றாம் தடவை திறப்பதற்குள் மனைவி பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

ஜன்னல் முழுக்க இரும்பு. மேலே வானமில்லை, கீழே தண்ணீரில்லை. துருப்பிடித்து, மழையில் நனைந்து, பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்த இரும்புச் சுவர்.

"இதுதான் துறைமுகமா?" என்றாள்.

"இது கப்பல்."

"துறைமுகம் எங்க?"

"கப்பலுக்குப் பின்னாடி."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறவர்கள்தான் அப்படி உட்காருவார்கள்.

சுழியார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. துறைமுக அலுவலகம் வைத்தது. எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போடும் பிரிவில் குமாஸ்தாவாக நுழைந்து, அதன் அதிகாரியாக வெளியே வந்தவர். மொத்தம் முப்பத்து நான்கு வருஷம். அவருடைய கையெழுத்து ஒரே ஒரு சுழி. அவர் பெயரிலுள்ள எந்த எழுத்தும் அதில் கிடையாது. மையில் விழுந்த நத்தை, எழுந்து தள்ளாடிப் போனது போலிருக்கும்.

கோப்பைப் படிப்பது கீழே இருப்பவனை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. ஆகவே யாரையும் அவர் அவமதித்ததில்லை. நான்கு விநாடிக்கு ஒரு சுழி. ஓய்வு பெற்ற அன்றுகூட, பிரிவு உபசார டீ ஆறுவதற்குள் அறுபத்தொரு கோப்புகளை முடித்துவிட்டு மேடையேறி, "என் மேஜையில ஒரு காகிதம் தூங்கினது கிடையாது" என்று பேசினார். பலமாகக் கைதட்டினார்கள். அவர் போகிறாரே என்பதற்காகவும் இருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. துறைமுகத்தின் எதிரே நிற்கும் நட்சத்திர விடுதியிலிருந்து. "தங்களது சேவையை எங்கள் விடுதி தினமும் நினைத்துப் பார்க்கிறது. துணைவியாருடன் வந்து, துறைமுகம் பார்த்த அறையில் இரண்டு நாள் எங்கள் விருந்தினராகத் தங்க வேண்டும்."

சுழியார் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டார். எதிர் வீட்டுக்காரருக்குக் காட்டினார். முடிவெட்டுகிறவருக்குக் காட்டினார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே காட்டினார்.

மனைவி மட்டும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அவள் அப்போது பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருக்கும் மகள் கூப்பிட்டிருந்தாள். "அம்மா மட்டும் வரட்டும்" என்று தெளிவாகச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள்.

"எப்பத் திரும்பி வருவே?" என்று கேட்டார் சுழியார்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். முப்பத்து நாலு வருஷமா ராத்திரிச் சோறு ஆறிப்போனதெல்லாம் இந்தத் துறைமுகத்தாலதானே? 'துறைமுகமே என் கையில இருக்கு'ன்னு சொல்லுவீங்களே. அப்படிக் கையில என்னதான் இருந்ததுன்னு ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்றேன்."

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. சுழியாரும் துறைமுகத்தைப் பார்த்ததில்லை. அவர் அறையின் ஒரே ஜன்னல், கேன்டீனில் பாத்திரம் கழுவும் சுவரைப் பார்த்திருந்தது. கப்பல் என்றால் அவருக்கு நீளம், அகலம், எடை, பிறகு ஒரு சுழி. அவ்வளவுதான்.

இப்போதும் முன்னால் இருப்பது சுவர்தான். அதில் ஒரு நீதி இருந்தது. ஆனால் சுழியார் நீதியைத் தேடி வந்தவரல்ல. போனை எடுத்தார்.

மேனேஜரே நேரில் வந்துவிட்டார். ஒல்லியான, தூக்கமில்லாத கண்களோடு இருந்த மனிதர். கையில் ஒரு படிவம்.

"மன்னிக்கணும் ஐயா. ஆறாவது மாடியில வேற அறை தர்றோம். இங்க மட்டும் ஒரு கையெழுத்து."

"அவ போடுவா" என்றார் சுழியார், மனைவியைக் காட்டி.

கீழே வரவேற்பு மேஜையில் பதிவேட்டை நீட்டியபோதும் இதே கதைதான். ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் காகிதத்தைத் தவிர வேறெதிலும் சுழி போடுவதில்லை என்று அவர் ஒரு விரதம் வைத்திருந்தார். கண்ட காகிதத்தில் போட்டால் சுழிக்கு மரியாதை போய்விடும்.

"ஐயா போட்டா எங்களுக்குப் பெருமையா இருக்கும்" என்றார் மேனேஜர்.

"உங்க பெருமைக்கு எல்லாம் நான் கையெழுத்துப் போட முடியுமா?"

மனைவி போட்டாள். மேனேஜரின் முகம் வாடியது. அதைத் தன் கம்பீரத்தின் விளைவாக எடுத்துக்கொண்டு சுழியார் லிஃப்டில் ஏறினார்.

ஆறாவது மாடியில் இரும்புச் சுவர் இல்லை. அதற்குப் பதில் கப்பலின் மேல்தளம் இருந்தது. நசுங்கிய பீப்பாய்கள், அறுந்த கயிறுகள், ஈரமான புறாக்கள். நடுவில் இடுப்பில் துண்டோடு ஓர் ஆள், பிற்பகல் மூன்று மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கையெட்டும் தூரம் என்றே சொல்லலாம். அறைக்குள் நிதானமாகப் பார்த்தான். சுழியாரைப் பார்த்துத் துப்பினான். மனைவியைப் பார்த்துக் கையசைத்தான்.

அவளும் அசைத்தாள்.

"யாரு அது?"

"தெரியாது."

"தெரியாதவனுக்கு எதுக்குக் கை காட்டறே?"

"தெரிஞ்சவங்க யாரும் எனக்குக் கை காட்டினதில்லை."

சுழியார் திரையை மூடினார். அறை இருண்டது. அந்த இருட்டில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். அதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

அறை சுத்தம் செய்யும் அம்மாள் துண்டு கொண்டுவந்தாள். ஐம்பது வயதிருக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "கப்பலப் பாத்தீங்களா ஐயா?"

"அதைத் தவிர வேற எதைப் பாக்க விட்டாங்க?"

"ஒரு மாசமா நிக்குது. ஏதோ கோர்ட் கேசாம். ஆளுங்கெல்லாம் எறங்கிப் போயிட்டாங்க, அந்தக் காவல்காரர் மட்டும்தான் மிச்சம். துறைமுகம் தெரியலைன்னா இங்க யாருங்க வருவாங்க? பாதி அறை காலி. எங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. அடுத்த வாரம் என் முறை."

"இதை இங்க நிறுத்தச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டாள் மனைவி.

"அதான் தெரியலைங்க. மேனேஜர் நடையா நடந்தாரு. ஆபீஸ்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்களாம்."

சுழியார் அந்த ஒரே ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசம்! கேட்டியா? நான் வெளிய வந்தும் ஒரு மாசம். நான் எழுந்த நாற்காலி ஆறலை, அதுக்குள்ள பாரு அவங்க லட்சணத்தை!"

பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தான் போனதும் உலகம் கெட்டுப்போய்விட்டது என்பதைவிட ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும்?

அந்தத் தெம்பில் மீண்டும் போனை எடுத்தார். மீண்டும் மேனேஜர், மீண்டும் படிவம், மீண்டும் "ஐயாவே போட்டா". மீண்டும் மனைவிதான் போட்டாள். மேனேஜர் அந்தக் கையெழுத்தைத் துக்கச் செய்தி வாசிப்பது போல் பார்த்துவிட்டு, பதினோராம் மாடியில் மூலை அறையைத் திறந்துவிட்டார். விடுதியிலேயே பெரிய அறை. குளியலறையில் மட்டும் நான்கு பேர் குடித்தனம் நடத்தலாம்.

அங்கே ஜன்னலுக்கு நேராகக் கப்பலின் புகைபோக்கி இருந்தது.

அதன் பக்கத்தில் பாரம் தூக்கும் கிரேன். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் சாம்பல் நிறமாக ஏதோ மின்னியது.

"அதோ பாரு, கடல்!" என்று கத்தினார் சுழியார்.

மனைவி எழுந்து வந்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் காவல்காரன் மேலேறி வந்து, துவைத்த போர்வையைச் சரியாக அந்த ஒரு சாணில் உதறிக் காயப்போட்டான். மழையில் எதற்குக் காயப்போட்டான் என்று யாரும் கேட்க முடியாது. அடுத்து ஜெனரேட்டரைப் போட்டான். கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. புகைபோக்கி கனைத்தது. ஜன்னல் மெல்லக் கறுத்தது.

மனைவி இருமிக்கொண்டே பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"போதுங்க. பாத்தாச்சு. நாளைக்கே நான் கிளம்பறேன்."

அந்தக் குரலில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் சுழியாருக்குப் பயமில்லை. கோபத்தோடு அவர் முப்பத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார். இது கணக்கை மூடுகிறவளின் குரல்.

"இரு" என்றார். "என் ஆபீஸ்தானே? ஒரு போன் போதும். கப்பல் எப்படி நகருதுன்னு மட்டும் பாரு."

அவருடைய நாற்காலியில் இப்போது அவருடைய பழைய உதவியாளன் இருந்தான்.

"நான்தான் பேசறேன்" என்றார்.

"நான்தான்னா யாரு?"

"டேய், நான்தான்டா!"

"அடடே, சாரா! என்ன சார், பென்ஷன் வரலையா?"

"பென்ஷன் எல்லாம் வருது. விடுதிக்கு எதிர்ல ஒரு ஓட்டைக் கப்பல் நிக்குதே, அதை உடனே எடுக்கச் சொல்லு."

"எழுத்து மூலமாக் குடுங்க சார். வாய் வார்த்தைக்கு எதையும் செய்யக் கூடாதுன்னு நீங்க போட்ட விதிதானே?"

"சரி, அதை இங்க நிறுத்தினவன் யாரு? அதையாவது சொல்லு."

"கோப்பைப் பாத்தாத்தான் சார் தெரியும்."

"பாரேன்!"

"நம்ம பிரிவுல கோப்பைப் பாக்கற வழக்கம் இல்லையே சார்" என்றான் உதவியாளன், உண்மையான பணிவோடு.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மேனேஜர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் வெள்ளைத் தாள்கள், மை நிரப்பிய பேனா, நகல் எடுக்க கார்பன்.

"எழுத்து மூலமாத்தான் வேணும்னா எழுதிடுங்க ஐயா. எங்க எழுத்து அங்க செல்லாது. உங்க எழுத்து செல்லும்."

சுழியார் மனைவியை ஒருமுறை பார்த்தார். உட்கார்ந்தார். எழுதினார்.

முப்பத்து நான்கு வருஷம் கையெழுத்து மட்டுமே போட்ட கைக்குள் இவ்வளவு எழுத்து அடைபட்டுக் கிடந்ததா! நான்கு பக்கம். 'இக்கப்பலை இவ்விடத்தில் நிறுத்த உத்தரவிட்டவர், கோப்பின் முதல் வரியைக்கூடப் படிக்காத முழு மூடர் என்பதில் ஐயமில்லை' என்று தொடங்கினார். ஏழைகள் வேலையிழந்ததை உருக்கமாக எழுதினார். 'இத்தகையோரின் முகத்திரையைக் கிழித்து, ஓய்வூதியத்தில் ஒரு காசும் தராமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்' என்று முடித்தார்.

மனைவி தாள்களை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். அவர் எழுதிய எதையும் அவள் படிப்பது இதுதான் முதல் தடவை. அவர் எழுதியதே இதுதான் முதல் தடவை என்றும் சொல்லலாம்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

சுழியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையும் ஒரு காரணம்.

"இதுல அம்மா கையெழுத்து செல்லாதுங்களே" என்றார் மேனேஜர், மெதுவாக.

"நீங்களே போடுங்க" என்றாள் மனைவி. "உங்க பேர்லயே போகட்டும்."

விரதம் முறிந்தது. சுழியார் சட்டைக் கையை மடித்துவிட்டு, சாய்ந்து, நத்தையை மையிலிருந்து எழுப்பி, நான்கு பக்கத்திலும் நடக்கவிட்டார். மேனேஜர் தாள்களைப் பிறந்த குழந்தையை ஏந்துவது போல் இரண்டு கையாலும் வாங்கினார். ஊதி ஊதி ஈரத்தை ஆற்றினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினார்.

"என் எழுத்துக்கு இன்னும் என்ன மரியாதை, பாத்தியா?" என்றார் சுழியார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து போய்க் கைப்பையை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள்.

"மககிட்ட அப்புறம் வர்றேன்னு சொல்லிடறேன்."

"ஏன்?"

"இதைச் செஞ்சவன் யாருன்னு தெரியணுங்க. அந்த அம்மா மாதிரி எத்தனை பேர் வயித்துல அடிச்சிருக்கான்! அவன் மூஞ்சிய ஒரு தடவை நேர்ல பாத்து, நாலு வார்த்தை கேட்காம நான் எங்கயும் போறதா இல்லை."

சுழியார் அவள் பக்கத்தில் நின்றார். ஜெனரேட்டர் நின்றிருந்தது. காவல்காரன் போர்வையை எடுத்துவிட்டிருந்தான். கறுத்த கண்ணாடியில் அவர் கையால் துடைத்த வட்டத்துக்குள், ஒரு சாண் கடல் தெரிந்தது. சாம்பல் நிறக் கடல். இரண்டு தலைகள் சேர்ந்து பார்க்கப் போதுமானதாக இருந்தது.

"இதுதானா உங்க துறைமுகம்?" என்றாள். முதல் தடவையாக அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை.

"இதுதான்" என்றார்.

கதவு தட்டப்பட்டது. அறை சுத்தம் செய்யும் அம்மாள் பெரிய தட்டு நிறையப் பழங்களோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேனேஜர் உங்களுக்குக் கோடி நன்றி சொல்லச் சொன்னாருங்க ஐயா. கப்பலை இங்க நிறுத்தச் சொன்ன உத்தரவோட நகல் அவர்கிட்ட இருக்கு, அதுல பேரே இல்லாம வெறும் சுழிதான் இருந்துச்சாம், இப்பப் பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணாம். இதுக்காகத்தானே அவர் உங்களை வரவழைச்சதே!"