ஹக்கா அண்ணையின் மாட்டுப் பாஷை

ஸ்காபரோவில் பொய்யே சொல்லாத தமிழர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நாங்கள் எல்லோரும் பெரும்பொய்யர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

சொந்தப் பெயரைச் சொன்னால் அவரது தபால்காரருக்கும் தெரியாது. ‘ஹக்கா அண்ணை’ என்றால் வோபர்னில் எங்கள் பதினான்கு மாடிக் கட்டடம் முழுக்கத் தெரியும். கட்டைத் தேகம். வெயிலோ பனியோ, காதுவரை இழுத்துவிட்ட ஒரே கம்பளித் தொப்பி.

நம்மவர்களுக்கு ஹக்கா என்றால் கடையில் விற்கிற சில்லி சிக்கன். அண்ணைக்கு முன்னால் அதைச் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்.

“உது சாப்பாடில்லையடாப்பா, சனம்! நான் அவையின்ரை ஊரிலை மூண்டு வருஷம் இருந்தனான்.”

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ற் இவரை ஹொங்கொங்கில் இறக்கிவிட்டுக் காணாமல் போய்விட்டானாம். அலைந்து திரிந்த அண்ணை, நகரத்துக்கு வெளியே, அரசாங்கம் பாதுகாக்கிற மலைக்காட்டின் ஓரம், ஹக்காச் சீனர்களின் ஊர் ஒன்றில் ஒதுங்கினாராம். ஊரில் முப்பது வீடு. இருபத்தொன்பதில் துருப்பிடித்த பூட்டு. சனமெல்லாம் இங்கிலாந்துக்குச் சாப்பாட்டுக்கடை போடப் போய்விட்டது. மிஞ்சியவர் ஒரே ஒரு கிழவர். போனவர்கள் வயலோடு மாடுகளையும் விட்டுப் போனதால், அவை காடேறிப் பெருகி, கிழவரின் கீரைப்பாத்தியில் வந்து மேய்ந்தன. அந்த மாடுகளைக் கலைப்பதுதான் அண்ணைக்குக் கிடைத்த உத்தியோகம்.

“ஹொங்கொங்கிலை மாடோ?” என்று சிரித்தார் எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர். அவரும் இதே கட்டடம்தான். “அங்கை மனுசர் நிக்கவே இடமில்லை. நீர் கண்டது பஸ்ஸாயிருக்கும்.”

அண்ணை கோபிக்கவில்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வரும்வரை பொறுத்திருந்து, எழும்பி மைக்கைப் பிடித்தார்.

“அந்த ஊர்ச் சனம் வருஷத்திலை ஒருக்கா பாட்டன் பூட்டன்ரை கல்லறை துடைக்க வரும். வந்து, வீட்டுப் பூட்டைத் திறக்காமலே காணிக்குச் சண்டை பிடிச்சுப்போட்டுத் திரும்பிப் போயிடும். அச்சொட்டா எங்கடை சங்கம்தான்! ரெண்டையும் சகோதர ஊராக்கினால் என்ன?”

தலைவர் ஊர்ப்பக்கம் போய் இருபத்தைந்து வருடம். ஆனால் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைப் பாதை ஒன்றுக்காகத் தமக்கையோடு அவர் நடத்துகிற வழக்கு மட்டும் அங்கே உயிரோடு இருந்தது. மைக் உடனே பழுதாகிவிட்டது.

இந்த மனுசனை ஒருநாள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று நாங்கள் நாலுபேர் முடிவெடுத்தோம். ஹக்காக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனோம். முதலாளி கல்கத்தாவில் பிறந்த ஹக்காக்காரர், சாந்தமான மனிதர்.

“அண்ணை, இவரோடை கதையுங்கோ பாப்பம்.”

அண்ணை தொண்டையைச் செருமினார். கையை வீசி, கடையே அதிரும்படி ஏதோ கத்தினார். முதலாளியின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது.

“எங்கள் ஹக்கா கொஞ்சம் வேறுமாதிரி. ஆனாலும் விளங்குகிறது” என்றார் ஆங்கிலத்தில். “என்னைத் தன் தோட்டத்தை விட்டு வெளியே போகச் சொல்கிறார்.”

விசாரித்தால், அண்ணைக்குத் தெரிந்த ஹக்கா முழுவதும் அந்தக் கிழவர் மாடுகளை ஏசிய ஏச்சுத்தான். அவர் சொன்னது உண்மையென்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் பிடித்த பிடியை விடுவோமா? “உதுகளை எங்கையாவது வீடியோவிலை பாத்துப் பாடமாக்கியிருப்பார்” என்று சொல்லிவிட்டு, மிச்ச நூடில்ஸைக் கட்டிக்கொண்டு வந்தோம்.

போன மாரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தது. ஆறாம் மாடியில் யாரோ அடுப்பில் எண்ணெயை மறந்துவிட்டார்கள். லிஃப்ற் நின்றுவிட்டது, படிகளில் புகை. ஒன்பதாம் மாடிப் படியில் ஒரு சீனக் கிழவி கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தா. மகளோடு இருக்கப் புதிதாக வந்தவ. மகளோ வேலைக்குப் போய்விட்டாள்.

“அன்ரி, கம், கம்” என்று நான் கெஞ்சினேன். அசையவில்லை. பதினோராம் மாடிச் சீனப் பொடியன் தன் கன்ரனீஸ் பாஷையில் மன்றாடினான். தலையை ஆட்டிவிட்டு ஏதோ முணுமுணுத்தா. தலைவர் அவவைத் தாண்டி இறங்கிப் போனார். சமூகசேவை கீழே காத்திருந்தது போலும்.

அப்போது சாரமும் தொப்பியுமாக ஹக்கா அண்ணை வந்து சேர்ந்தார். முணுமுணுப்புக்குக் காது கொடுத்தார்.

“உது ஹக்காவடா!”

அடுத்த கணம், கடை முதலாளியை வெளுக்க வைத்த அதே குரலில் அவவைப் பார்த்துக் கத்தினார். கிழவி நிமிர்ந்தா. கண் சிவந்தது. கம்பியை விட்டா, செருப்பைக் கழற்றினா, எழும்பினா. அண்ணை ஓடினார். அவ பின்னால் கலைத்துக்கொண்டு ஓடினா. ஒன்பது மாடி! அவ களைத்து நிற்கிற ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணை திரும்பி நின்று புதிதாக ஒரு ஏச்சு விட்டார். இருமியபடி பின்னால் நாங்கள்.

கீழே, பனிக்குள் வைத்து, அண்ணைக்குச் செருப்பால் இரண்டு விழுந்தது. பிறகு கிழவி வாய்விட்டுச் சிரித்தா. அவரது சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் விடாமல் கதைத்தா. அண்ணைக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. “ஓம்... ஓம்...” என்று சுத்தத் தமிழில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பதறி ஓடிவந்த மகள் தாயிடம் விசாரித்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக எங்களுக்கு மொழிபெயர்த்தாள். “தின்னி மாடே, கீரையை விட்டிட்டு எழும்பு, இல்லாட்டிக் காலை முறிப்பன்” என்றாராம் அண்ணை.

“அண்ணை, அந்தப் பாஷையிலை ஒரு நல்ல சொல்லும் தெரியாதோ?” என்று கேட்டேன்.

“கிழவன் எனக்கு நல்ல சொல்லு ஒண்டும் சொல்லித் தரேல்லையடாப்பா” என்றார், கன்னத்தைத் தடவியபடி. “மூண்டு வருஷம் சோறு போட்டவன்.”

இந்தச் சித்திரையில் அண்ணை நகரத்தின் மற்றக் கோடியில், ரெக்ஸ்டேலில் இருக்கிற மகள் வீட்டுக்குக் குடிபோனார். அவரிடம் இருந்த பெரிய சாமான் ஒரு பழைய சோபா மட்டும்தான். அதை இறக்க நாலுபேர் தாராளம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தலைவர்கூடக் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் பதினேழு பேர் நின்றோம்.