ரத்தத்துக்குத் தகுதிச் சான்று

ரத்தப் பரிசோதனைக்குப் படித்துத் தயாராகிப் போகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். லேபில் உங்களுக்கு முந்தின நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முகத்தில் பசி, கண்ணில் வெற்றி. இவர்களை நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். இவர்கள் பரீட்சைக்காரர்கள். நோய் உடம்பில் இருப்பதைப் பற்றி இவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அது காகிதத்தில் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த ரகத்துக்கு இலக்கணமாக ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் அக்காவின் கணவர். மாமாவுக்கு லாரிப் பட்டறை. லாரிகளுக்குத் தகுதிச் சான்று வாங்கித் தருவதில் ஆள் கில்லாடி. வழுக்கை டயரோடு வருகிற வண்டிக்கு நல்ல டயர்களை இரவல் மாட்டி, புகைக்குழாயைத் தட்டிச் சரிசெய்து, துருவின் மேல் பளபளவென்று பெயின்ட் அடித்து, ஆய்வாளர் முன்னால் மணப்பெண் மாதிரி நிறுத்தி, சான்றில் முத்திரை விழுந்ததும் பட்டறைக்கு ஓட்டி வந்து டயர்களைக் கழற்றிக்கொள்வார். வண்டி பழைய வழுக்கையோடு ரோட்டுக்குப் போகும். பிரேக் பிடிக்குமா? அது எதிரே வருகிறவன் தலையெழுத்து.

இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை நோய் வந்தால் என்ன செய்வார்? அதையேதான் செய்தார்.

பரிசோதனைத் தேதி தூரத்தில் இருக்கும்வரை மாமா ராஜா. டீயில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை, பிறந்தநாள் கேக் என்றால் ரோஜாப்பூ வைத்த துண்டு, மாத்திரை டப்பாவின் மேல் தூசி. ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் ஊரடங்கு. இனிப்பெல்லாம் பரண் ஏறும். மறந்துபோன மாத்திரைகள் வேளை தவறாமல் உள்ளே போகும். விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு, இது யார் புது ஆள் என்று தெருநாய்கள் துரத்த, வேர்க்க விறுவிறுக்க நடப்பார். முந்தின நாள் வெறும் வெள்ளரிக்காய். பாவம், அக்காவுக்கும் அன்றைக்கு வெள்ளரிக்காய்தான். அடுப்பில் வாசனை வந்தால் மாமாவின் விரதம் கெட்டுவிடுமாம். மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் வைத்த பஞ்சு காய்வதற்குள் எதிர் பேக்கரியில் இருப்பார்.

ரிப்போர்ட் வரும். ‘நார்மல்’. அதை வீடு வீடாகக் காட்டுவார். காட்டிவிட்டுப் போனால் பரவாயில்லையே, உபதேசமும் உண்டு.

“மனசுல தைரியம் இருந்தா சுகர் கிட்டவே வராது மாப்ளே.”

“போன வாரந்தானே மாமா மாத்திரையே போட ஆரம்பிச்சீங்க?”

“போடா, வருஷம் பூரா படிச்சுட்டுப் பரீட்சைக்குப் போறவன் எவன் இருக்கான்?”

நியாயம்தானே! ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவர் டாக்டர் ஆயிற்றே. அவர் காகிதத்தை நம்புகிற மனிதர். “ரொம்ப நல்லாருக்கே, மாத்திரையைப் பாதியாக் குறைச்சுடலாம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பை வாங்கியவர் போல அந்தச் சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் பட்டறையில் ஸ்பேனர் நழுவி அவர் காலில் விழுந்தது. சுண்டுவிரல் ஓரமாக ஒரு கீறல். வலிக்கவே இல்லை என்று பெருமையடித்துக்கொண்டார். கால் மரத்துப்போனதை வீரம் என்று கணக்கு வைத்துக்கொண்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருக்கும். காயம் ஆறவில்லை. ஷூவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தார். கடைசியில் அக்கா வலுக்கட்டாயமாகக் காலுறையை உருவினாள். விரல் கறுத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் காலைப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளுடையது என்று அவரால் நம்ப முடியவில்லை.

“மூணு மாச சராசரி தெரியிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. இப்பவே எடுத்துடுவோம்.”

மாமாவின் முகம் வெளிறியது. “மூணு மாசமா? சாப்பிடாம வரணுமா டாக்டர்?”

“வேண்டாம். முந்தின நாள் பட்டினி கெடந்தாலும் இதுல எடுபடாது.”

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்ப, ஒரு மூணு மாசம் கழிச்சு வச்சுக்கலாமே?”

“அதுவரைக்கும் காலு இருக்குமான்னு கேளுங்க!” அக்கா வெடித்தாள். “டாக்டர், இவரு டெஸ்டுக்கு முந்தி ஒரு வாரந்தான் மாத்திரை போடுவாரு, அந்த ஒரு வாரந்தான் வாயைக் கட்டுவாரு. மிச்ச நாளெல்லாம் கேக்குதான். சொன்னா வீட்டுல சண்டை வரும்னு நானும் வாயை மூடிட்டு இருந்துட்டேன்.”

டாக்டர், பாதியாகக் குறைத்து எழுதிய தம்முடைய சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்டுவிரல் போயிற்று. பாதம் மயிரிழையில் தப்பியது. அன்று ஆஸ்பத்திரி நடையில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் மாமாவின் மேல் கோபம் கோபமாக வருகிறது.

கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தவரைப் பார்க்க உள்ளே போனேன். விரலே போய்விட்டது, இனிமேலாவது திருந்துவார் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். காலையில் ரத்தம் எடுக்க வருவதாக நர்ஸ் சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“மாப்ளே, இதை நீ சாப்பிட்டுடு. தட்டு காலியா இருக்கணும், அந்தம்மா வந்து பாப்பாங்க.”

நீங்கள் இந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். எடை பார்க்கும் மிஷினில் ஏறுமுன் சாவிக்கொத்தைக் கழற்றி வைப்பது வேறு விஷயம். பல் டாக்டரைப் பார்க்கப் போகிற காலையில் மட்டும் ஈறு கிழியத் தேய்ப்பது வேறு விஷயம். பிரஷர் பார்க்கும்போது கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிடுவது பக்தி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை டாக்டர் உங்களிடம், “தினமும் நடக்கிறீங்களா?” என்று கேட்டாரே, “நடக்கிறேன் டாக்டர்” என்று நீங்களும் பளிச்சென்று சொன்னீர்களே, அப்போது உங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாரே, ஏன்?