குணவதிக்கு நான் கட்டிய பெட்டி

மனைவி வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு கணவன் முடிவு செய்துவிட்டால், அதை வாய் திறந்து சொல்லக் கூடாது. அவளுக்குப் பெட்டி கட்ட உதவ வேண்டும். 1988-ஆம் வருஷம் மே மாதம் நான் எடுத்த மாபெரும் தீர்மானம் இது. அதற்கு முன்னால் இவ்வளவு நல்ல தீர்மானம் எதையும் நான் எடுத்ததில்லை. அதற்குப் பின்னால் எடுக்கிற உரிமையே எனக்கு இல்லை.

என் பெயர் நாகநாதன். பினாங்கு துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அங்கே முப்பது பேர் என் பேனாவுக்குப் பயப்படுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டியதும் அதே பேனா காய்ந்துவிடும். உள்ளே குணவதி இருப்பாள்.

குணவதி அரசாங்க மருத்துவமனையில் தாதி. இளம் வயதில் இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் விருப்ப ஓய்வு வாங்கினாள். ஓய்வு வாங்கிய இரண்டாவது வாரம், அவளோடு அந்தக் காலத்தில் பயிற்சி பெற்ற மார்கரெட் என்ற சிநேகிதியிடமிருந்து கடிதம் வந்தது. வேல்ஸ் நாட்டில் ஓர் ஏரிக்கரை. கோடை விடுமுறையில் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்களாம். முதலுதவி அறைக்கு எட்டு வாரத்துக்கு ஒரு தாதி வேண்டும். டிக்கெட் அவர்கள் பொறுப்பு. வருகிறாயா?

கடிதத்தை அவள் மூன்று முறை படித்ததை நான் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வருஷமாக மார்கரெட்டை அவள் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மருத்துவமனைத் தாதிகள் அவளுக்குப் பிரிவுத் தேநீர் விருந்து வைத்தார்கள். யாரோ ஒரு பெண், "உங்க வீட்டுக்காரர் விடுவாரா, அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தாள். நாற்பது தாதிகள் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். நான் என்ன அந்தக் காலத்து ஆளா, பெண்கள் உலகத்தைப் பார்க்க வேண்டாமா என்று பத்து நிமிஷம் பேசினேன். கைதட்டல் ஓய இன்னொரு பத்து நிமிஷம் ஆனது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கும்போதுதான் உறைத்தது. எட்டு வாரம் இதை யார் போடுவது?

பினாங்கில் சாப்பாட்டுக்கா பஞ்சம் என்பீர்கள். எனக்கு வயிற்றுப்புண். கடைச் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த சமையல் தண்ணீர் சுட வைப்பது. அதுவும் வைக்கத்தான் தெரியும். கொதித்துவிட்டதா என்று கண்டுபிடிக்கத் தெரியாது. மகன் கோலாலம்பூரில் படிக்கிறான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். தோற்பதற்குக்கூட ஆள் இல்லாமல் யாரோடு வாதாடுவது?

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. நாற்பது சாட்சிகள்.

அப்போதுதான் முகாமிலிருந்து அந்தப் பட்டியல் வந்தது. வேலைக்கு வருபவர்கள் கொண்டுவர வேண்டியவை, பதினாறு சாமான்கள். மழைக்கோட்டு, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், கம்பளிக் காலுறை, டார்ச் லைட், விசில் என்று போய்க்கொண்டே இருந்தது. அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: தனியாகத் தூக்கிச் செல்ல முடிந்த அளவு மட்டும் கொண்டு வரவும்.

அந்த வரி எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. தூக்க முடியாத பெட்டியாகக் கட்டிவிட்டால்? அதைப் பார்த்து மலைத்துப் போய் அவளாகவே, "வேணாங்க, இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டால்? நான் நல்லவனாகவே இருந்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தேன். தங்குமிடம் கூடாரம் என்று பட்டியலில் போட்டிருந்தது.

"கூடாரத்துல எல்லாம் எப்படித் தங்குவே, குணவதி? பேர்லயே 'கூடா'ன்னு இருக்கு பாரு."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க தப்பாப் பிரிக்கிறீங்க. அது 'கூட ஆரம்'. நீங்க சொன்னதும்தான் ஞாபகம் வருது, கழுத்துக்கு ஒரு ஆரம் வாங்கித் தர்றேன்னீங்களே?"

தமிழ் ஆராய்ச்சியை அத்தோடு விட்டுவிட்டுப் பெட்டி வாங்கப் போனேன்.

சௌரஸ்தா மார்க்கெட் பக்கம் சீனி முகம்மது பயணப் பெட்டிகள் விற்கும் கடை வைத்திருந்தார். கடையிலேயே பெரிய பெட்டியைக் கேட்டேன். தகரத்தில் செய்தது. இரண்டு பூட்டு, நாலு கைப்பிடி. குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிப் போகிறீர்களா என்று அவர் துக்கமாக விசாரித்தார். மனைவி இரண்டு மாதம் முகாமுக்குப் போகிறாள் என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் காற்றுப் போக ஓட்டை கிடையாது அண்ணே என்றார்.

பெட்டி கட்டும் வேலை ஒரு வாரம் நடந்தது. வேல்ஸில் அரிசி எப்படி இருக்குமோ என்று ஐந்து கிலோ அரிசி வைத்தேன். அரிசி இருந்தால் பிரஷர் குக்கர் வேண்டுமே. குக்கர் இருந்தால் குழம்பு வேண்டும். குழம்புக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, கருவாடு. அரைக்காமல் என்ன குழம்பு என்று சின்ன அம்மி ஒன்றும் குழவியும். ஏரிக்கரை என்றால் கொசு இருக்கும் என்று கொசுவலை. போர்வை இரண்டு. கெட்டித் தலையணை ஒன்று.

ஒவ்வொன்றாக வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். எங்கே மலைத்தாள்? "எவ்வளவு யோசிச்சு யோசிச்சு வைக்கிறீங்க" என்று உருகினாள். நான் மறந்ததை எல்லாம் அவளே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் என் சாரோங் இரண்டைக் கேட்டாள். உன்னுடையது இருக்கிறதே என்றேன். குளிருக்கு ஆண்கள் கட்டுகிற துணிதான் கெட்டி என்றாள். மறுநாள் என் பனியன் ஆறு. உள்ளே போட்டுக்கொள்வாளாம். அதற்கு மறுநாள் என் வயிற்றுப்புண் மாத்திரை. பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வராதா? என் சவரக் கத்தியைக்கூட எடுத்து வைத்தாள். காயத்தைச் சுற்றி முடி எடுக்க வேண்டியிருக்குமாம்.

பாவம், என்னை விட்டுப் போக மனமில்லாமல் என் சாமான்களையாவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று அம்மியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். முப்பது பேரை மேய்க்கிற தலைமைக் குமாஸ்தா, சவரக் கத்தியைப் பார்த்த பிறகும் இப்படி நினைத்தேன். இது என் தகுதிக்குப் போதுமான சான்று.

ஜூலை முதல் வாரம் புறப்படும் நாள் வந்தது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து குணவதியின் அண்ணன் கார்த்திகேசு தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருஷம். தனி ஆள். அவரும் நானும் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரும் சேர்ந்து பெட்டியை ஏற்றினோம். வேன் பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. எனக்குள் ஒரே உற்சாகம். விமானத்தில் இருபது கிலோதான் அனுமதி. இது அறுபதைத் தாண்டும். தராசில் முள் ஓடும். அவள் மனம் உடையும். நான் ஆறுதல் சொல்வேன். நாலு மணித் தேநீருக்கு வீட்டில் இருப்போம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வேன் நின்றது. குணவதி தன் காலடியிலிருந்து ஒரு நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சின்னப் பை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கிவிடும். பக்கவாட்டில் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் கட்டியிருந்தாள்.

நான் வேனின் பின்கதவைத் திறக்கப் போனேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது இருக்கட்டும்ங்க. பட்டியல்ல உள்ளது பதினாறும் இந்தப் பைக்குள்ள இருக்கு."

"அப்ப அந்தப் பெட்டி?"

"அது உங்களுக்கு. எட்டு வாரமும் நீங்க அண்ணன் வீட்டுலதான். நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வர்றாங்க."

நான் மச்சானைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

குணவதி சிரிக்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை நேராச் சொல்லியிருந்தா, நான் யோசிச்சிருப்பேன். அம்மிய வைக்கிறீங்களே, அதான் கட்டாயம் போயிடணும்னு முடிவு பண்ணேன்."

விமானம் ஏறும் நேரம் வந்தது. அவள் திரும்பிக் கையசைத்தாள். நாற்பத்தேழு வயதுக்காரி இருபது வயதுப் பெண் மாதிரி அந்தப் படிகளில் ஏறினாள். அந்தச் சந்தோஷத்தைத் தடுக்கவா ஒரு வாரம் மிளகாய்த்தூள் கட்டினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வெட்கம் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேரும்வரைதான் நீடித்தது. அதற்குப் பிறகு பசி.

மச்சான் வீட்டில் எல்லாம் ரயில்வே நேரம். அஞ்சரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஏழுக்குள் குளியல் முடிய வேண்டும். சமையலுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கடைசியாக வருகிறவர்தான் சமைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் வீட்டை விட்டு வெளியே போகவே மாட்டார் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. நான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் வேலை முடித்து, ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து வந்து சேர்வேன். அவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கும் நீங்கதான் லேட்டு, மாப்ள" என்பார்.

முதல் வாரம் சோறு கருகியது. இரண்டாவது வாரம் குழைந்தது. மூன்றாவது வாரம் சோறு என்றே சொல்லலாம் என்று மச்சான் தீர்ப்பளித்தார். அம்மியில் மிளகு அரைக்கப் பழகினேன். வயிற்றுப்புண்ணுக்கு இதமாகக் காரமில்லாமல் ஒரு ரசம் வைத்தேன். மிளகு குறைவு, சீரகம் கூடுதல், கடைசியில் துளி நெய். மச்சான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாம் முறை கேட்கவில்லை, சட்டியையே எடுத்துக்கொண்டார். அன்று ராஜாவாகத் தூங்கினேன்.

குணவதிக்கு வாரம் ஒரு விமானக் கடிதம் எழுதினேன். முதல் கடிதம் முழுக்கப் புலம்பல். நாலாவது கடிதம் முழுக்க ரசம். அவளும் எழுதினாள். பதினாறு நாளில் பதினாலு நாள் மழையாம். மார்கரெட் நரைத்துவிட்டாளாம், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறதாம். முட்டைக்கோஸ் சூப் போடுகிற வியாழக்கிழமைகளில் முப்பது பிள்ளைகள் வயிற்றுவலி என்று முதலுதவி அறைக்கு வந்துவிடுகிறார்களாம். அதைப் படித்து நானும் மச்சானும் வாய்விட்டுச் சிரித்தோம்.

செப்டம்பரில் திரும்பி வந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், நன்றாக நடந்து நடந்து இளைத்திருந்தாள். புதுச்சாயம் அடித்த எங்கள் வீட்டில் அவளை உட்கார வைத்து, நானே சமைத்துப் பரிமாறினேன். சோறு, ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், வாவல் மீன் குழம்பு. அவள் சாப்பிட்டாள். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பதவி உயர்வு எனக்குக் கிடைத்ததில்லை.

இதுதான் சமயம் என்று பெருந்தன்மையாக ஆரம்பித்தேன். அடுத்த வருஷமும் நீ தாராளமாகப் போய் வரலாம், இனிமேல் நான் யார் தயவும் இல்லாமல் சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். முகாமின் சமையல்காரர் பாதியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாராம். காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு அவள் என் கடிதத்தைப் பார்த்து ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். முகாமே சளி பிடித்த மாதிரி இருமிக்கொண்டு கோப்பையோடு வரிசையில் நின்றதாம். இது யார் கைப்பக்குவம் என்று நிர்வாகி கேட்டிருக்கிறார்.

"உங்க பேரைக் கொடுத்தேன். வர்ற மார்ச்ல உங்களுக்கு ஓய்வு. ஜூலையில ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

உறைக்குள் வேலைக் கடிதம் இருந்தது. என் பெயர் ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எனக்கு மார்பு விரிந்தது. முப்பது வருஷம் கோப்புகளைப் பார்த்தவனை வேல்ஸ் நாடு தேடி வந்து அழைக்கிறது. அங்கேயும் தலைமைப் பதவிதானே என்று கேட்டேன்.

உதவிப் பதவி என்றாள். சமையலறையும் முதலுதவி அறையும் அடுத்த வருஷத்திலிருந்து ஒரே மேலதிகாரிக்குக் கீழே வருகிறதாம். எனக்கு இந்த வயதில் புது மேலதிகாரியா என்று தயங்கினேன். ஆள் எப்படி, கடுமையானவரா என்று விசாரித்தேன்.

"பழகிட்டா ஒண்ணும் தெரியாது" என்றாள் குணவதி. "ஆனா அங்க எல்லார் முன்னாலயும் நீங்க என்னைப் பேர் சொல்லக் கூடாது. தலைமைத் தாதியை அங்க மேட்ரன்னுதான் கூப்பிடணும். இப்பவே சொல்லிப் பழகுங்க, பாப்போம்."

எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "சரி, மேட்ரன்" என்றேன்.