வண்டியோடு வந்த டயர்

நான்கு சக்கரமும் விர்ரென்று சுற்றின. வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை.

ஓரெஸ்ட் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் அடங்கியதும் எங்கிருந்தோ 'டொம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. உறைந்த ஏரி போடுகிற சத்தம். கனடாவின் சஸ்காட்சவனில் பிறந்து ஐம்பத்தெட்டு வருடமாக அதைக் கேட்டு வருகிறவர்தான். ஆனால் கரையில் நின்று கேட்பது வேறு, ஏரி நடுவே இரண்டரை டன் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்பது வேறு.

முதல் வேலையாக சீட் பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். வண்டி உள்ளே போனாலும் ஆள் வெளியே வரவேண்டும் என்று ஏரியில் ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். மைனஸ் இருபத்தெட்டு டிகிரிக் குளிர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மச்சினன் மைரானுக்குப் போன் போட்டார். மைரான் காலையிலேயே ஏரிக்கு வந்து, பனிமேல் போட்ட தன் மீன்பிடிக் குடிசையில் அடுப்பு மூட்டிக் காத்திருந்தான்.

"மாட்டிக்கிட்டேன் மைரான். டயர் சும்மா சுத்துது."

"எந்த இடம் மாப்ள?"

"என்னத்தத் தெரியுது? ஒரே பனிப்புழுதி. கிறிஸ்துமஸ் மரம் நட்ட வழியாத்தான் வந்தேன்."

பண்டிகை முடிந்ததும் வீட்டுக்கு வீடு தூக்கிப் போடுகிற மரங்களை அந்த ஊரில் ஏரிமேல் வரிசையாக நட்டுவிடுவார்கள். பனிக்கட்டி கனமாக இருக்கும் பாதைக்கு அதுதான் அடையாளம்.

"மரத்தை விட்டு விலகலையே?"

"வழுக்கி இருபதடி தள்ளி வந்துட்டேன்."

மைரான் எரிந்து விழுந்தான்.

"டயர மாத்துன்னு அப்பவே சொன்னேன். வண்டியோட வந்த டயர் கடைக்குப் போயி பால் வாங்கிட்டு வரத்தான் ஆகும்."

"எல்லாப் பருவத்துக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான்டா."

"போட்டவன் டெக்சாஸ்காரனா இருப்பான். அவனுக்கு நம்ம ஜனவரி எங்க தெரியும்?"

வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. இந்தக் குளிரில் அந்த ரப்பர் கட்டையாகிவிட்டது. பள்ளமெல்லாம் பனி அடைத்துக்கொண்டு சப்பாத்திக் கட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. குளிர்கால டயர் போடச் சொல்லி மனைவி லெஸ்யா பணம் கொடுத்திருந்தாள். போட்டாயிற்று என்று இவரும் சொல்லியிருந்தார். அந்தப் பணம் போன இடம் மைரானுக்கு மட்டும் தெரியும்.

"பின்னாடி என்ன பாரம்?" என்றான் மைரான்.

"மண்மூட்டை எட்டு. டயருக்குப் பிடிப்பு வேணுமேன்னு ஏத்தினேன்."

"மெலிசான இடத்துல நின்னுக்கிட்டு எட்டு மூட்டையா? மொதல்ல அத இறக்கு. போன வாரம்தான் தெற்குக் கரையில ஒருத்தர் வண்டி மூக்கு வரைக்கும் உள்ள போச்சு."

ஓரெஸ்ட் பூனைபோல இறங்கினார். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, முடிந்த மட்டும் தூரமாக உருட்டிவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. எட்டும் இறங்கியதும் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். பாரம் போன வண்டி பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டியதே தவிர, முன்னால் போகவில்லை. சக்கரம் இன்னும் அரையடி இறங்கியது.

"முன்னைக்கு இப்ப மோசமா சுத்துதுடா."

"பாரம் இல்லாம டயர் எப்படி மாப்ள பிடிக்கும்?"

"நீதானேடா இறக்கச் சொன்னே?"

"மூழ்காம இருக்கத்தான் சொன்னேன். நகர்றதுக்கா சொன்னேன்? ஒரு மூட்டையக் கிழிச்சு மண்ணை டயருக்கு அடியில கொட்டு."

உருட்டிவிட்ட மூட்டையைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்து கத்தியால் கிழித்தார். சாக்கு கிழிந்தது. உள்ளே மண் கருங்கல்லாக உறைந்து கிடந்தது. கத்தி முனை உடைந்ததுதான் மிச்சம்.

அடுத்து, கால்மிதிகளை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். மிதித்ததும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பக்கம் பறந்து வெண்புழுதிக்குள் மறைந்தன. இறங்கிப் போய்ப் பொறுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சக்கரம் தோண்டிய குழியை மட்டும் கதவருகே குனிந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிச் சூடேறி, அடியில் ஈரம் பளபளத்தது. டயரில் பச்சையும் பழுப்புமாக இழை இழையாக என்னவோ ஒட்டியிருந்தது. கையுறையால் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"மைரான், டயர்ல பாசி ஒட்டியிருக்குடா."

"பாசியா?"

"ஏரிப் பாசி. டயர் தண்ணியத் தொட்டிருச்சு."

"மாப்ள, வண்டிய மறந்துரு. வெளியே வந்து கொஞ்சம் தள்ளிப் போயிக் குப்புறப் படு. கையும் காலும் பரப்பி வச்சுக்கோ. பாரம் ஒரே இடத்துல இறங்காது. நான் தீயணைப்புக்காரங்களக் கூப்பிடறேன்."

"நீ இங்க வராதே. ரெண்டு பேரத் தாங்காது."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றான் மைரான்.

ஓரெஸ்ட் தவழ்ந்தே பத்தடி போனார். குப்புறப் படுத்துக் கை கால்களைப் பரப்பினார். மறுபடி 'டொம்ம்' என்றது. இனி அதிக நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். போனைத் தலைமாட்டில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு லெஸ்யாவைக் கூப்பிட்டார்.

"லெஸ்யா, ஏரியில மாட்டிக்கிட்டேன். பனி உடையப் போகுது."

"ஐயோ, என்ன சொல்றே? மெதுவா வண்டிய எடு. டயர்தான் புதுசா போட்டிருக்கில்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாகப் போகிற நேரத்தில் பொய் எதற்கு?

"போடல லெஸ்யா. அந்தப் பணத்துல, மீன் பிடிக்கப் பனியில ஓட்டை போடற மோட்டார் மெஷின் வாங்கிட்டேன். உன் தம்பி குடிசையில ஒளிச்சு வச்சிருக்கேன்."

அதோடு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

"இன்னொண்ணு. உங்கம்மா வாராவாரம் முட்டைக்கோசு இலையில சோறும் கறியும் பொதிஞ்சு குடுத்து விடுவாங்களே, அதுல ஒண்ணுகூட நான் தின்னதில்ல. பதினோரு வருசமா நாய்க்குத்தான் போட்டேன்."

"அது குண்டாகுதுன்னு டாக்டர் டாக்டரா நான் தூக்கிட்டு அலைஞ்சேனே."

"தெரியும். நாந்தானே கார் ஓட்டினேன்."

லெஸ்யா அழுதாள். அவள் அழுவதைக் கேட்டு அவருக்கும் அழுகை வந்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. முப்பது வருடம் கூடவே இருந்தவளிடம் இப்படியா விடைபெறுவது என்று இருந்தது.

"எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன் ஓரெஸ்ட். மெஷினும் வேணாம், டயரும் வேணாம். நீ உயிரோட வந்தாப் போதும்."

அப்போது புழுதிக்குள்ளிருந்து ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பெண், பனிச்சறுக்குக் கட்டைகளில் வழுக்கிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள்.

"கிட்ட வராதீங்க," என்று முனகினார் ஓரெஸ்ட். "நீங்களும் உள்ள போயிருவீங்க."

அவள் அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த எட்டு மூட்டைகளையும், டயர் தோண்டிய குழியையும் பார்த்தாள்.

போனில் லெஸ்யா கதறினாள். "யாரும்மா அது? புண்ணியமாப் போகும், அவரை எப்படியாவது ஏரியிலேர்ந்து இழுத்துப் போடுங்கம்மா."

அந்தப் பெண் போனருகே குனிந்தாள். குரலில் அத்தனை கனிவு.

"பயப்படாதீங்கம்மா. இந்த மரமெல்லாம் எங்க சறுக்குப் பாதைக்கு நாங்க நட்டது. உங்க வீட்டுக்காரர் படுத்திருக்கறது கோல்ஃப் மைதானத்துப் புல்லு மேல. ஏரி இருக்கறது ரோட்டுக்கு அந்தப் பக்கம்."