காளியாயியின் விரல்

"இன்னொருக்கா வைங்க, காளியாயி," என்றார் யோகேஸ்வரன் உள்ளேயிருந்து.

தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, காளியாயி மழையில் ஊறிய பெருவிரலைப் புடவையில் துடைத்து ஐந்தாவது முறையாக வைத்தாள். விரல் மெசின் சிவப்புக் காட்டியது. அவளுக்குப் பின்னால் வந்த நாற்பது பெண்களுக்கும் பச்சை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நெரிசல் வராமல் வாட்சர் பிரதாப் மெசினை ஒட்டியே நின்று அவரவர் நம்பரை அழுத்திவிட்டார்.

பச்சை விழுந்தால்தான் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர். பேர் விழுந்தால்தான் கூலி. தோட்டத்துத் தொரை கெடு வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள விழலேன்னா பேர வெட்டிரு. லயத்துக் காம்பராவையும் எடுத்துரு."

மூன்று பிள்ளைகளோடு, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் யோகேஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் விரலை அவர்தான் பதிந்தார். மற்ற நாற்பதையும் அவர் வேலைக்கு வருமுன்பே பிரதாப் பதிந்திருந்தார். நாற்பது பேரை வாசிக்கிற மெசின் ஒருத்தியை விடுமா? கோளாறு கெர்னலில்தான் என்று முடிவு கட்டினார். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் கண்டாக்கு, அதாவது மேற்பார்வையாளர். மெசினிடம் வேலை வாங்குவது அதுதான். லினக்ஸ் மூலப் பொதிகளை இறக்கி, வேண்டாததை வெட்டி, சொந்தமாகவே ஒரு கெர்னல் கட்டினார்.

புதன்கிழமை மெசின் மின்னியது, கீபோர்ட் செத்திருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி கட்டினார். வியாழக்கிழமை கீபோர்ட் பிழைத்தது. கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை. திரையில் 'கெர்னல் பேனிக்' என்று விழுந்தது. யோகேஸ்வரனும் அதே பீதியில்தான் இருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. மெசின் ஓடாததால் அன்று நாற்பது பேருக்கும் அரைப் பேர், அரை நாள் கூலிதான்.

"ஒருத்திக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களேய்யா," என்றாள் அந்த நாற்பதில் ஒருத்தியான வீரம்மா.

காளியாயி தலை குனிந்துகொண்டாள். யோகேஸ்வரனுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்றாவது கெர்னல் எழுந்தது. தன் விரலைப் பத்து முறை வைத்துப் பார்த்தார், பத்தும் பச்சை.

"வைங்க, காளியாயி."

சிவப்பு.

துடைத்து வைத்தாள். சிவப்பு. மேட்டில் தொரையின் ஜீப் சத்தம் கேட்டது.

"முப்பது வருசமா கொழுந்து பறிச்ச கைங்கய்யா. ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு," என்றாள் காளியாயி.

"மத்தவங்களும் கொழுந்துதானே பறிக்கிறாங்க? அவங்களுக்கு மட்டும் எப்புடி விழுது?" என்றார் யோகேஸ்வரன்.

பிரதாப் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"நாப்பது பேருக்கும் என் வெரலத்தானேங்கய்யா பதிஞ்சு வச்சிருக்கேன், தெனமும் நாந்தானே வைக்கிறேன். இவ வெரல அழிச்சிருங்க, என் சுண்டுவெரல் இன்னும் சும்மாதான் இருக்கு."