ஓட்டிப் பார்க்க வந்த வண்டி

எனக்குச் சாமி பயம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடும் கெட்ட பழக்கம் உண்டு. அதுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் மானத்தை வாங்கியது.

சிவகாசியில் காலி அட்டைப்பெட்டிக் கட்டுகளை என் லோடு ஆட்டோவில் ஏற்றி, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்குவது என் பிழைப்பு. சீசன் தொடங்கும்போது அந்தக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தினம் அறுபது கட்டு வேணும். ஒங்க ஆட்டோ நாப்பதுதான் கொண்டாருது. பெரிய வண்டியாப் பாருங்க. இல்லன்னா லோடை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

எனக்கு இருந்ததே அந்த ஒரு லோடுதான். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

விருதுநகர் ஷோரூம் ஒன்றில் பெரிய பிக்கப் நின்றது. யானை படுத்திருந்த மாதிரி இருந்தது. "வீட்டுக்கே கொண்டாறோம், ஓட்டிப் பாருங்க" என்றார் டை கட்டிய விற்பனையாளர். வீட்டுக்கு வந்து மனைவி பேச்சியம்மாளிடம், "வெள்ளிக்கிழமை வண்டி வருது" என்றேன். (ஓட்டிப் பார்க்க மட்டும்தான் என்றும் சொல்லியிருக்கலாம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், நாக்கு எழவில்லை.)

வெள்ளிக்கிழமை வண்டி தெருவுக்குள் வந்தபோது வாசலில் கோலம், மாலை, ஆரத்தித் தட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். போதாததற்கு, பேச்சியம்மாள் தான் வேலை பார்க்கும் அச்சாபீசில் சொல்லி 'காளியம்மன் துணை' என்று ஸ்டிக்கர் அடித்து வந்திருந்தாள். விற்பனையாளர் இறங்கி நிமிர்வதற்குள் அது முன் கண்ணாடியில் ஏறிவிட்டது.

"அண்ணாச்சி, இது ஷோரூம் வண்டி" என்று அவர் என் காதில் முனகினார்.

"தெரியும் சார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "டை கட்டுன டிரைவரையே வச்சிட்டீகளா?"

தெருவே பார்க்கையில் விற்பனையாளரால் மறுக்க முடியவில்லை. பழங்களை நசுக்கிவிட்டு, பேச்சியம்மாளையும் ஏற்றிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனோம்.

உள்ளே மெத்தையும் ஏசியுமாகக் கல்யாண மண்டபமே தோற்றது. பின்னால் பெட்டி அடுக்கும் இடமோ எங்கள் வீட்டுக் கட்டில் அளவு. மூச்சு முட்ட அமுக்கியும் இருபத்திரண்டு கட்டுதான் ஏறியது. மிச்சத்தை என் லோடு ஆட்டோவில் ஏற்றி, மச்சினனைப் பின்னாலேயே ஓட்டி வரச் சொன்னேன்.

கம்பெனி வாசலில் மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பெருசு கைய வீசிட்டு வருது, சின்னது சொமந்துட்டு வருது. இதையா வாங்குனீக?"

"வாங்கல சார், ஓட்டிப் பாக்குறாரு" என்றார் விற்பனையாளர். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வார்த்தை.

பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. பேச்சியம்மாள் தலையை நீட்டிக் கேட்டாள், "அப்ப நான் யாரு வண்டிக்குங்க ஆரத்தி எடுத்தேன்?"

"எங்க வண்டிக்குத்தாம்மா" என்றார் விற்பனையாளர், பணிவாக.

மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "இதுக்கு ஒங்க ஆட்டோவே தேவல. ரெண்டு நடையா அடிங்க. மொத நடை ஏழு மணிக்கு இங்கன நிக்கணும்" என்றார். லோடு தப்பியது. யார் வண்டிக்குப் பழம் வைத்தாலும் ஆத்தா என் பக்கம்தான் பார்த்தாள் என்று இன்றும் நம்புகிறேன். (ஸ்டிக்கரை உரித்தபோது விற்பனையாளர் என்ன நம்பினார் என்று கேட்கவில்லை.)

போன தை மாதம் எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் பரபரப்பாக, "மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்றேன். அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அவுக சும்மா பாக்க வந்திருக்காகளா, முடிவாயிருச்சா? இப்பமே சொல்லிருங்க. நான்பாட்டுக்கு ஆரத்தியக் கரைச்சிருவேன்."

வண்டிக் கதையை நான் சொல்லக் கேட்டு அவர்கள் வீட்டார் சிரித்ததிலேயே சம்பந்தம் பாதி முடிந்தது. இப்போது மாப்பிள்ளை எப்போது வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுக்கிறார்: "அத்த, நான் ஓட்டிப் பாக்க வந்த வண்டியில்ல, வாங்குன வண்டிதான்."