பூட்டிய கார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சமுலிக்கு, மாமனார் வில்யோ எழுதுவது.

நீங்கள் என் காரைப் பூட்டிவிட்டீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நலம் விசாரிக்கலாம். நீங்களும் என் மகளும் ஹெல்சிங்கிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே நாங்கள் நலம். கார் நலமில்லை.

முப்பத்தோரு வருடமாக நான் காரைப் பூட்டியதில்லை. இந்த ஊரில் பூட்டினால் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். சனிக்கிழமை நீங்கள் காரைக் கடைக்கு எடுத்துப் போனீர்கள். ஞாயிறு விடிகாலைப் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஏழரைக்கு நான் வெளியே வந்தால் மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர், கார் பூட்டிக் கிடக்கிறது. ஒன்பதுக்கு உறைந்த ஏரியில் மீன்பிடிப் போட்டி. விசில் ஊதிய பிறகு வருகிறவன் பனிக்கட்டியில் துளை போடக் கூடாது. ஆறு வருடமாகக் கோப்பை பக்கத்து வீட்டுத் தௌனோவின் அலமாரியில்தான் இருக்கிறது. என் தூண்டிலும் துளைக்கருவியும் காருக்குள். பூட்டு உறைந்து சாவி நுழையவில்லை. பூட்டை இளக்கும் மருந்துப் புட்டி உண்டு, அதுவும் காருக்குள்.

"வாயால ஊதிப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி ஹெல்வி. ஊதினேன். மீசை கதவோடு ஒட்டிக்கொண்டது. உன் அத்தை, மன்னிக்கவும், உங்கள் அத்தை, ஆறின காபியை ஊற்றி மீசையை மீட்டாள். காபி பூட்டுக்குள் இறங்கி உறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தௌனோ வந்தான்.

"என்னய்யா வில்யோ, காருக்கு முத்தமா? வீட்டுல தெரியுமா?"

"வேலையப் பாத்துக்கிட்டுப் போய்யா. பூட்டு உறைஞ்சு கெடக்கு."

"பூட்டா? எதுக்குய்யா பூட்டுன? பக்கத்துல நான்தானே இருக்கேன்?"

"நான் பூட்டல! மருமகன் பூட்டிட்டாரு!"

"ஓ, ஹெல்சிங்கிக்காரரு" என்று பாவப்பட்டுவிட்டுப் போனான். ஆனால் முகம் வாடித்தான் போனான்.

சாவியைச் சவுனாக் குளியலறை அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தேன். கதவு வரவில்லை, ரப்பர் ஒட்டியிருந்தது. இழுத்தேன், கைப்பிடி மட்டும் வந்தது. "பின்கதவுக்குத்தான் பூட்டே இல்லியே" என்றாள் ஹெல்வி. அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். டிக்கி வழியாக ஏறி முன்சீட்டுக்கு ஊர்ந்து, மூடாத பின்கதவு ஆட ஆட ஏரிக்கு ஓட்டினேன். முன்கதவு உள்ளிருந்தும் திறக்கவில்லை. வந்த வழியே கால் முன்னே வர ஊர்ந்தேன். இடுப்பு வரை வெளியே வந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். ஊரே கைதட்டியது. கோப்பை ஏழாவது வருடமாகத் தௌனோவிடம்.

ஆகவே: கைப்பிடி ஒன்று நீங்கள் வாங்கி வர வேண்டும். கதவு ரப்பருக்கு மகள் கிளிசரின் தடவ வேண்டும். மருந்துப் புட்டி இனி ஹெல்வியின் கோட்டுப் பையில் இருக்க வேண்டும். 'பூட்டியது நான்தான், உங்களைச் சந்தேகித்து அல்ல' என்று தௌனோவுக்கு நீங்கள் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

இருவரும் குளிர் படாமல் நீடூழி வாழ்க.

வில்யோ

பி.கு.: உறையை ஒட்டும்போது ஹெல்வி சிரிக்கிறாள். "சனிக்கிழமை சவுனாலேருந்து துண்டோட ஓடிப்போய்ப் பூட்டினது யாரு? மாப்பிள்ளை மறுபடி வண்டிய எடுத்துருவாருன்னு?" ஓடியது உண்மை. ஈரக் கையிலிருந்து பூட்டுக்குள் தண்ணீர் சொட்டியதும் உண்மை. எழுதியதை மாற்றும் வழக்கம் எனக்கில்லை. தௌனோவுக்கான கடிதத்தை மட்டும் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.